குரூப் 4 தேர்வு: மதிப்பெண் இலக்கை அன்றாட வேலையாக மாற்றும் முறை – முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு, வேலை பார்த்துக்கொண்டோ வீட்டுப் பொறுப்புகளுக்கு நடுவிலோ தனியாகப் படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாடத்தில் எத்தனை வினா வரும் என்று கணிப்பது இதன் நோக்கமில்லை. ‘இந்த முறை எப்படியாவது வேலை வாங்கிவிட வேண்டும்’ என்ற எண்ணத்தை, இன்று இரவு படுப்பதற்குள் செய்து முடித்தோமா இல்லையா என்று சொல்லக்கூடிய வேலையாக எப்படிப் பிரிப்பது என்பதை மட்டுமே இது விளக்குகிறது.

நான் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேர்வாகி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதிதாகப் படிக்க வருபவர்களோடு உட்காருகிறேன். அவர்கள் இடறும் இடங்கள் பெரும்பாலும் நான் இடறிய இடங்களே. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக மூன்றாம் படியைத் தாண்டி நேராக நான்காம் படிக்குப் போனவர்கள் யாரும் ஒரு மாதம் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆணையத்தின் இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கி அச்செடுத்த பாடத்திட்டம் முதலில் வேண்டும். நண்பரிடம் இருக்கும் பழைய நகலை நம்ப வேண்டாம். பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுவதால், எடுக்கப்பட்டுவிட்ட ஒரு பகுதியை இரண்டு மாதம் உருப்போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

அடுத்து, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், சமூக அறிவியல், அறிவியல், கணக்குப் பாடநூல்கள். இவை இணையத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாகவே கிடைக்கின்றன என்றாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்து முடித்த பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கைபேசியில் படித்தால் படிப்புக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் நடுவே ஒரு விரல் தூரம்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, முந்தைய மூன்று குரூப் 4 தேர்வுகளின் வினாத்தாள்களும் அவற்றின் இறுதி விடைக்குறிப்புகளும் தேவை. இவற்றில் ஒன்றையும் இப்போது புரட்டிப் பார்க்காதீர்கள். ஒன்பதாம் படியில் பயன்படும். இவை தவிர, கோடு போட்ட இரண்டு நீள நோட்டுகள், ஒரு மேசைக் கடிகாரம், மளிகைக் கடையில் தரும் மாதக் காலண்டர் ஒன்று. வழிகாட்டி நூல்கள், கட்டணத் தேர்வுத் தொகுப்புகள் ஆகியவற்றை முதல் இரண்டு மாதங்களுக்கு வாங்க வேண்டாம். வாங்கிய பொருள் அலமாரியில் இருப்பதே படித்துவிட்ட நிறைவைத் தந்துவிடுகிறது.

2. முடிவை ஒரே ஒரு முறை எழுதி, மூடி வைத்தல்

முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் இலக்கை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே இரண்டு பத்தி பிரித்து, உங்கள் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று பட்டியலிடுங்கள். இதைச் செய்யும்போதுதான், நாம் இரவெல்லாம் கவலைப்படும் செய்திகளில் பெரும்பாலானவை இரண்டாம் பத்தியில் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது.

பணியிட எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு அறிவிக்கையில் 6,244 பணியிடங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. ஜூன் 9 அன்று தேர்வு முடிந்த பிறகு, அந்த எண்ணிக்கை ஒன்றுக்கு மேற்பட்ட முறை உயர்த்தப்பட்டது. தேர்வை எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். கட்-ஆஃப், அதாவது தேர்வாவதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச மதிப்பெண் என்பதும் ஒற்றை எண் அன்று, பிரிவுக்குப் பிரிவு மாறும்: பணியிட ஒதுக்கீடு பொதுப்பிரிவு 31 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று பிரிந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பெண்களுக்கு 30 விழுக்காடு, தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு என்று மேலும் பிரிகிறது. வினாத்தாள் கடினமா எளிதா என்பதும் உங்கள் கையில் இல்லை, பக்கத்து மேசைக்காரர் எத்தனை எழுதுகிறார் என்பதும் இல்லை.

ஆகவே ‘170 வினாக்களுக்குச் சரியாக விடையளிப்பேன்’ என்பது விருப்பமாக இருக்கலாம்; நாளைக் காலை ஆறு மணிக்கு எழுந்து செய்யும் வேலையாக இருக்க முடியாது. எழுதிய பக்கத்தை மடித்து ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டுமே அது திறக்கப்படும். இலக்கைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுவது வழக்கமாக இருக்கிறது. நானும் முதல் முறை ஒட்டினேன். ஒரு நாள் படிக்காமல் போனால் அந்தத் தாள் என்னைப் பார்த்து முறைப்பது போல் இருந்ததால், நாளடைவில் அந்த அறைக்குள் உட்காருவதையே குறைத்துக்கொண்டேன்.

3. ஒரு வாரம் படிக்காமல் நேரக் கணக்கு எழுதுதல்

புதியவர்கள் எரிச்சலடையும் படி இதுதான். ஏழு நாட்களுக்கு எதையும் மாற்றாமல், எழுந்தது முதல் படுப்பது வரை எந்த மணியில் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். இரவில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. அவ்வப்போது எழுத வேண்டும், ஏனென்றால் கைபேசி பார்த்த 50 நிமிடம் நினைவில் பத்து நிமிடமாகச் சுருங்கிவிடும்.

ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று நான்கு வண்ணத்தில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். கடைக்குக் காலை ஒன்பதரைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புகிறார் என்பது அந்த அட்டவணையில் இருந்தது. தண்ணீர் பிடிப்பதும், அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பதும், பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதும் இல்லை. ஒரு வாரம் எழுதிப் பார்த்தபோது, யாரும் கூப்பிடாத நேரம் காலையில் 55 நிமிடமும் பேருந்தில் 25 நிமிடமும்தான் இருந்தது. அந்த 80 நிமிடத்தை வைத்துத்தான் அவருடைய திட்டம் போடப்பட்டது. மூன்று மாதத்துக்கு மேல் அது அப்படியே ஓடியது.

வார இறுதியில் ஏழு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தது ஐந்து நாட்களில் ஒரே நேரத்தில் வெறுமையாக இருந்த இடம் எதுவோ, அதுவே உங்கள் படிப்பு நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் நான்கு மணி நேரத்தை இதில் சேர்க்க வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது.

4. ஓர் அமர்வு என்றால் என்ன என்று வரையறுத்தல்

இந்த முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. ‘தினமும் மூன்று மணி நேரம் படிப்பேன்’ என்பது அன்றாட வேலையைக் குறிப்பது போலத் தோன்றினாலும், உண்மையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டுமே அளக்கிறது. புத்தகம் விரிந்திருக்க, கண் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றும் உள்ளே போகாத மூன்று மணி நேரம் எல்லோருக்கும் பழக்கமானதே. அளவுகோல் நேரமாக இருக்கும் வரை நாம் நேரத்தைத்தான் கழிப்போம். ஆகவே, முடிந்ததும் ஒரு பக்கம் கையெழுத்து மிச்சமாக வேண்டும் என்ற விதியோடு ஓர் அமர்வை வரையறுக்கிறோம்.

ஓர் அமர்வு 50 நிமிடம். முதல் 25 நிமிடம் ஒரு பாடத்தை அல்லது அதன் பாதியை, எதையும் எழுதாமல், அடிக்கோடிடாமல் படிக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். பிறகு 5 நிமிடம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையால் அதே பக்கத்தில் இடைச்செருக வேண்டும். கடைசி 10 நிமிடம் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்கள்.

எட்டாம் வகுப்புக் குடிமையியலில் மாநில அரசு பற்றிய பாடத்தைப் படித்த ஒருவருடைய பக்கம் இப்படி இருந்தது. நீல மையில்: ‘ஆளுநர் – குடியரசுத் தலைவர் நியமிப்பார். 35 வயது. 5 ஆண்டு. சட்டமன்றம் – 234 உறுப்பினர். 25 வயது.’ அவ்வளவுதான், நான்கு வரி. புத்தகத்தைத் திறந்த பிறகு சிவப்பில்: ‘மேலவை உறுப்பினர் – 30 வயது. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் நீக்கம்.’ படித்து முடித்தவுடன் தமக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். மேலவை என்ற ஒரு பகுதியே நினைவில் தங்கவில்லை என்பதை அந்தச் சிவப்பு வரிதான் காட்டியது. தேர்வில் 25, 30, 35 மூன்றும் விடைத் தெரிவுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இதே இடத்தில்தான் தடுமாற்றம் வரும்.

மூடிவிட்டு எழுதுவதற்கு ஏன் இவ்வளவு வலியுறுத்தல் என்று கேட்கலாம். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னணியில் இருந்தார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். திரும்பப் படிப்பது அன்றைக்குத் தெரிந்தது போன்ற உணர்வைத் தருகிறது. நமக்குத் தேர்வு அன்றைக்கு இல்லை.

பாடத்துக்குத் தக்கபடி அமர்வைச் சற்று மாற்றலாம். கணக்கில் படிப்பு 10 நிமிடம், செய்வது 40 நிமிடம். தமிழ் இலக்கணத்தில் பட்டியல்களைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42ஐயும் ஒரே மூச்சில் படிப்பவர் கடைசியில் ‘நொ, து’ என்ற இரண்டு குறில்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். ஆனால் எந்தப் பாடமானாலும் கையெழுத்துப் பக்கம் இல்லாத அமர்வு அமர்வாகாது. பேருந்தில் யூடியூப் வகுப்பு கேட்டதையும் இதில் சேர்க்கக் கூடாது. கேளுங்கள், தவறில்லை, கணக்கில் எழுதாதீர்கள்.

5. அமர்வுகளை எண்ணிப் பாடத்தைக் குறைத்தல்

தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இவற்றில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதித் தேர்வு. 75 பொது அறிவு. 25 திறனறிவுக் கணக்கு. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படவே மாட்டாது. ஆகவே உங்கள் அமர்வுகளில் பாதி தமிழுக்கு, மீதியில் மூன்றில் ஒரு பங்காவது கணக்குக்கு. ‘தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே’ என்று கடைசி மாதத்துக்குத் தள்ளுவதைப் போல அடிக்கடி நான் பார்க்கும் பிழை வேறில்லை.

இப்போது பாடத்திட்டத்தையும் பாடநூல்களின் பொருளடக்கத்தையும் அருகில் வைத்துத் தேவையான பாடங்களை எண்ணுங்கள். 200 அமர்வுகள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு உங்களால் பத்து அமர்வு முடியும்; அவற்றில் நான்கு மீள்பார்வைக்குப் போனால், புதிய பாடத்துக்கு ஆறு. அப்படியென்றால் 34 வாரம் ஆகும். தேர்வுக்கு 24 வாரம்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? எல்லோரும் செய்வது, நாளொன்றுக்கு ஓர் அமர்வைக் கூட்டிவிடுவது. அது இரண்டாம் வாரத்தில் உடைந்துவிடும். கூட்டாமல், பாடங்களைக் குறைத்துவிடுங்கள். முந்தைய தாள்களில் குறைவாகக் கேட்கப்பட்ட பகுதிகளை நூலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவற்றைப் படிக்கப் போவதில்லை என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

6. நேரத்தையும் இடத்தையும் ஒரு செயலோடு கட்டுதல்

‘காலையில் படிப்பேன்’ என்பது போதாது. ‘காபி டம்ளரைக் கழுவி வைத்ததும், பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நேற்று நிறுத்திய பக்கத்தைத் திறப்பேன்’ என்று எழுத வேண்டும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் புதிய செயலைக் கட்டினால், இன்று படிக்கலாமா வேண்டாமா என்று மனத்தோடு வழக்காட வேண்டிய தேவை குறைகிறது. இவ்வாறு ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று வகுத்துக்கொள்வது வெறும் விருப்பத்தைவிடச் செயலாகும் வாய்ப்பை அதிகமாக்குகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்.

முந்தைய இரவே மறுநாள் பாடத்தின் பக்கத்தில் பேனாவைச் செருகி வைத்துவிடுங்கள். காலையில் எதைப் படிப்பது என்று தேடத் தொடங்கினால் 15 நிமிடம் தேடுவதிலேயே போய்விடும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்கத்தான் மேசைக் கடிகாரம்.

7. குறைந்தபட்ச அளவையும் விடுபட்ட நாளின் விதியையும் முன்கூட்டியே எழுதுதல்

காய்ச்சல் வரும்; மாமா வீட்டுக் கல்யாணம் வரும்; ஆடி மாதத்தில் கோயில் கொடை வந்து ஒலிபெருக்கி மூன்று நாள் ஓயாது. அந்த நாட்களுக்கு என்று ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். என் பரிந்துரை: பழைய பக்கம் ஒன்றை எடுத்து, சிவப்பு வரிகளை மட்டும் படித்து, ஐந்து வினாக்கள் போடுவது. பத்து நிமிடம் போதும். இதைக் கல்யாண மண்டபத்தின் மாடிப்படியில் உட்கார்ந்தும் செய்யலாம், நான் செய்திருக்கிறேன். அதுவும் அந்த நாளின் வேலை முடிந்ததாகவே கணக்கு.

அதுவும் முடியாமல் ஒரு நாள் முழுதாக விடுபட்டால், மறுநாள் வழக்கமான அளவு மட்டுமே செய்யுங்கள். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யக் கூடாது. நான்கு நாள் விட்டவர் ஐந்தாம் நாள் பத்து அமர்வுக் கடனோடு உட்கார வேண்டும் என்றால், அவர் உட்காரவே மாட்டார். 2010இல் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று இயல்பான பழக்கமாக மாறுவதற்கு ஆட்களைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை எடுக்கும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் விடுபடுவது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ‘21 நாளில் பழக்கமாகிவிடும்’ என்று நம்பி 22ஆம் நாள் ஏன் இன்னும் எழ முடியவில்லை என்று வருந்தியவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டு நாள் தொடர்ந்து விடுபட்டால் மட்டும் ஒன்று செய்ய வேண்டும்: மூன்றாம் நாள் குறைந்தபட்ச அளவோடு தொடங்க வேண்டும், முழு அமர்வோடு அன்று.

8. நாளேடும் பிழை நோட்டும்

நாளேட்டில் நாளுக்கு ஒரே ஒரு வரி. தேதி, எந்தப் பாடம், எத்தனை அமர்வு. மணிக்கணக்குக்கு இடமில்லை, ‘இன்று மனசு சரியில்லை’ என்பதற்கும் இடமில்லை. அமர்வு முடிந்த நாளில் காலண்டரில் அந்தத் தேதியைப் பேனாவால் வட்டமிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில் அந்தக் காலண்டர் தொங்கட்டும். ‘மார்க் எவ்வளவு வரும்?’ என்று கேட்கும் அப்பா, சில வாரத்தில் ‘இன்னிக்கு வட்டம் போடலையா?’ என்று கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடியும்.

இரண்டாம் நோட்டு பிழைகளுக்கு. தவறாகப் போட்ட வினா, சரியான விடை, தவறியதற்கான காரணம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். காரணம் எழுதும்போது ‘கவனக்குறைவு’ என்று எழுதத் தடை விதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தச் சொல்லை வைத்து மறுநாள் எதையும் மாற்ற முடியாது. உதாரணமாக: 5,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டுவட்டி, அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது, ஓராண்டு வட்டி என்ன என்பது வினா. ஒருவர் 500 என்று போட்டார். விடை 512 ரூபாய் 50 காசு. அவர் முதலில் எழுதிய காரணம் கவனக்குறைவு. அழிக்கச் சொன்னதும், சற்று யோசித்து, ‘அரையாண்டு என்ற சொல்லைப் பார்த்தேன், வீதத்தைப் பாதியாக்கி காலத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது தெரியவில்லை’ என்று எழுதினார். அது கவனத்தின் குறையன்று, பாடத்தின் குறை. மறுநாள் அமர்வு எதில் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு கையெழுத்துப் பக்கமும் மூன்று முறை திரும்பி வர வேண்டும்: மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. பக்கத்தின் மேல் மூலையில் இந்த மூன்று தேதிகளையும் அன்றே எழுதிவிடுங்கள். திரும்ப வரும்போதும் முதலில் மூடிவைத்துச் சொல்லிப் பார்த்த பிறகே பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையின் நீண்ட நேரத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னது இந்த மீள்பார்வைக்காகத்தான்.

9. மாதம் ஒருமுறை முடிவைத் திறந்து பார்த்தல்

மதிப்பெண்ணைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே தவறான வேலையைச் செய்துகொண்டிருக்க முடியும். வண்ண வண்ணமாகக் குறிப்பெடுத்து ஆறு நோட்டு நிரப்பியவர் ஒருவரை நான் அறிவேன், அவர் ஒரு முழுத் தாளும் எழுதிப் பார்த்ததில்லை. ஆகவே மாதக் கடைசி ஞாயிறு, ஒதுக்கி வைத்த முந்தைய தாள்களில் ஒன்றை, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, வட்டங்களை நிரப்பி விடையளிக்கும் ஓஎம்ஆர் தாளின் நகலில் கறுப்பு மைப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பி எழுதுங்கள். மூன்று தாளும் தீர்ந்த பிறகு இன்னும் பழையவற்றுக்குப் போகலாம்.

திருத்திய பிறகு மொத்த மதிப்பெண்ணை ஒட்டி வைத்த பக்கத்தில் தேதியோடு எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி மூடிவிடுங்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. தவறான வினாக்களை நான்காகப் பிரியுங்கள்: இன்னும் படிக்காத பாடம், படித்து மறந்தது, வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டது, நேரமில்லாமல் ஊகித்தது. முதல் குவியல் பெரிதாக இருந்தால் ஒன்றையும் மாற்ற வேண்டாம், வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டாவது பெரிதாக இருந்தால் புதிய பாட அமர்வுகளில் இரண்டைக் குறைத்து மீள்பார்வைக்குக் கொடுங்கள். மூன்றாவது என்றால், ‘பொருந்தாதது எது’, ‘தவறான கூற்று எது’ போன்ற சொற்களை வட்டமிட்டுவிட்டு விடை தேடும் பழக்கத்தை அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். நான்காவது என்றால் கணக்கு அமர்வுகளுக்குக் கடிகாரம் வையுங்கள். பெரும்பாலும் 25 கணக்குகள்தான் மற்ற பகுதிகளின் நேரத்தைத் தின்றிருக்கும்.

ஒரு மாதத்துக்கு ஒரு மாற்றம் மட்டுமே. மூன்றை ஒன்றாக மாற்றினால், அடுத்த மாதம் மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. மாத நடுவில் டெலிகிராம் குழுவில் யாரோ 180 எடுத்ததைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவது கூடவே கூடாது. அந்த 180 எந்தத் தாளில், எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது.

10. தேர்வு நாளும் அதற்குப் பின்னும்

கூடத்துக்குள்ளும் அலகு ஒன்று வேண்டும். 200 வினாக்களையும் 25 வினாக்கள் கொண்ட எட்டுக் கட்டுகளாகப் பிரித்து, ஒரு கட்டு முடிந்ததும் அதற்குரிய வட்டங்களை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் முடித்த பிறகு மொத்தமாக நிரப்பலாம் என்று இருந்தவர்கள் ஒரு வினா தள்ளி நிரப்பியதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் காட்சி கொடுமையானது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை; ஆனால் ஒரு வினாவுக்கு எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விடக் கூடாது. விடை தெரியாதவர்களுக்காக ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது. அறிவிக்கையிலும் நுழைவுச்சீட்டிலும் உள்ள அறிவுரைகளை முந்தைய வாரத்து அமர்வு ஒன்றில் ஒரு பாடத்தைப் போலவே படித்து, மூடிவைத்து எழுதிப் பாருங்கள்.

தேர்வுக்குப் பிறகுள்ள காலம்தான் பலரையும் கரைத்துவிடுகிறது. 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்று வந்தது. 2024 ஜூன் தேர்வின் முடிவு அக்டோபர் கடைசியில் வந்தது. அதுவரை உத்தேசக் கட்-ஆஃப் காணொளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், முடிவு பாதகமாக வந்தபோது, படிப்பும் விட்டுப்போய் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. விடைக்குறிப்பு வந்ததும் ஒருமுறை சரிபார்த்து, ஒட்டிய பக்கத்தில் எழுதிவிட்டு, ஒரு வாரம் முழு ஓய்வு எடுங்கள். எட்டாம் நாள் முதல், நாளுக்கு ஒரே ஓர் அமர்வு. குரூப் 2 எழுதும் எண்ணம் இருந்தால் அந்தப் பாடத்திலேயே அது இருக்கட்டும்.

இன்னும் ஒன்றை இந்த முறை உங்களுக்குச் சொல்லாது: எப்போது நிறுத்துவது என்பதை. ஒவ்வொரு நாளும் வட்டம் போட்டுக்கொண்டே எட்டு ஆண்டுகளைக் கடத்திவிட முடியும். அதனால் தொடங்கும் வாரத்திலேயே, எத்தனை தேர்வு வரை அல்லது எந்த வயது வரை என்பதை வீட்டாரோடு பேசி, ஒட்டி வைத்த அந்தக் கடைசிப் பக்கத்தில் இலக்குக்குக் கீழே தேதியாக எழுதிவிடுங்கள். நான் எழுதியிருந்த தேதிக்கு ஏழு மாதம் முன்பாக எனக்குப் பணி ஆணை வந்தது. என்னோடு அதே மேசையில் படித்த நண்பர் தம் தேதி வந்த அன்று நோட்டுகளை நூலகத்தில் ஒரு புதியவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய சிவப்பு வரிகளை வைத்து இப்போது மூன்றாவது ஆள் படித்துக்கொண்டிருக்கிறார்.